அடையாற்றில் ஒரு முப்புரி: ஜி.என்.ராமச்சந்திரனும் சைட்டேஷன் கணக்கும்

போன வாரம் கேண்டீனில் ஒரு சண்டை. ப்ராஜெக்டுக்கு யாரிடம் கைடாகச் சேரலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பேராசிரியர் பெயரை நான் சொன்னதும் எதிரே இருந்த நண்பன் போனை எடுத்து ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "சைட்டேஷன் ரொம்பக் கம்மிடா, வேற ஆளைப் பாரு" என்றான். அவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எண் தெரிந்துவிட்டது. காபி ஆறும்வரை வாக்குவாதம் நடந்தது. நான் தோற்றேன். பதில் சொல்லக் கையில் விஷயம் இல்லை என்பதுதான் காரணம்.

அன்று மாலை அடையாறு மத்திய கைலாஷ் சிக்னலில் பஸ் நின்றது. அங்கிருந்து கிண்டிப் பக்கம் திரும்பினால் சர்தார் பட்டேல் சாலையில் சிஎல்ஆர்ஐ, அதாவது மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வரும். அதற்குள் ஒரு அரங்கம் இருக்கிறது, பெயர் 'ட்ரிபிள் ஹெலிக்ஸ்'. கருத்தரங்கு அழைப்பிதழ்களில் அந்தப் பெயரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தோல் பதனிடும் நிறுவனத்துக்கு ஏன் மூன்று சுருள் என்று பெயர் வைத்த அரங்கம்? இந்தக் கேள்வியைத் துருவப் போய்தான் கேண்டீன் சண்டைக்கும் பதில் கிடைத்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். சுருக்கமாக ஜி.என்.ஆர். கோபாலசமுத்திரம் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். ஆனால் அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 8 அக்டோபர் 1922. அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துவிட்டு 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். சேர்ந்தது மின்பொறியியலில். அங்கே சர் சி.வி.ராமன் இருந்தார். இந்தப் பையன் உங்கள் துறைக்குக் கொஞ்சம் அதிகப் புத்திசாலி என்று மின்பொறியியல் தலைவரிடம் சொல்லிவிட்டு ராமன் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதாக ஒரு கதை இன்றும் சொல்வார்கள். பிறகு கேம்பிரிட்ஜ், கேவண்டிஷ் ஆய்வகம், 1949-இல் பிஎச்டி. மறுபடி பெங்களூர்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைப் புதிதாகக் கட்ட ஆள் தேடினார்கள். துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார். அவர் அடிப்படையில் மகப்பேறு மருத்துவர் என்பதைக் கவனியுங்கள். ராமனைக் கேட்டார்கள், ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ராமச்சந்திரன் பேராசிரியராக, துறைத் தலைவராக கிண்டி வளாகத்துக்கு வந்தார். நம் வயதோடு அதிகபட்சம் ஒரு பத்து கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பெருமூச்சு விடுவதற்காகச் சொல்லவில்லை :-)

இயற்பியல்காரர் உயிரியலுக்குள் எப்படி வந்தார்? அந்தச் சமயத்தில் ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வந்திருந்தார். எக்ஸ்ரே படிகவியலில் அவர் பெரிய தலை. பேச்சுவாக்கில் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொன்னார். அது ராமச்சந்திரன் மனதில் ஒட்டிக்கொண்டது.

கொலாஜன் என்ன என்று பயோ படிக்காத நண்பர்களுக்கு ஒரு வரி. ஆட்டுக்கால் சூப் ஆறினால் ஜெல்லி மாதிரி உறைகிறதே, அது கொலாஜன் வெந்து பிரிந்த சமாச்சாரம். நம் உடம்பில் உள்ள புரதத்தில் கால்வாசிக்கும் மேல் இதுதான். எலும்பு, தோல், தசைநாண், குருத்தெலும்பு, கண்ணின் கருவிழிப் படலம், எல்லா இடத்திலும் செல்கள் இதைச் சுரந்து வெளியே தள்ளி, அதன்மேல் தாங்கள் குடியிருக்கின்றன. செல் உயிரியலில் 'செல்லுக்கு வெளியே உள்ள தளம்' என்று ஒரு முழு அத்தியாயம் வருமே, அதன் கதாநாயகன் இதுதான்.

தோல் என்றால் பெரும்பாலும் கொலாஜன். தோல் பதனிடுவது என்றால் அந்தக் கொலாஜன் இழைகளை அழுகாதபடி ஒன்றோடொன்று பிணைப்பது. ஆக கொலாஜன் வேண்டுமென்றால் ராமச்சந்திரன் லண்டனுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை, அதே சாலையில் இருந்த சிஎல்ஆர்ஐக்குப் போனால் போதும். அங்கே கிடைத்த மாதிரிகளில் ஒன்று கங்காருவின் வால் தசைநாண்! அடையாற்றில் கங்காரு வால். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவரோடு இருந்தவர் கோபிநாத் கர்த்தா. இருவரும் எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு யோசித்தார்கள். இன்னொரு துப்பும் இருந்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் நிறைய. ஏன் சரியாக மூன்றில் ஒன்று? மூன்று என்ற எண் எங்கிருந்து வருகிறது? மூன்று சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, ஒவ்வொரு மூன்றாவது இடமும் நடு அச்சுக்கு அருகே வந்து விழுகிறது, அங்கே இடமே இல்லாததால் பக்கக்கிளையே இல்லாத கிளைசின் மட்டும்தான் நுழைய முடிகிறது. இதுதான் அவர்கள் கண்ட விடை. 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்தது. வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ இரட்டைச் சுருளை அதே இதழில் வெளியிட்டு ஒரு வருடமும் சில மாதங்களும்தான் ஆகியிருந்தன.

1955-இல் ஒரு திருத்தம் செய்தார்கள். மூன்று சங்கிலியும் நேராக நிற்காமல், தாமும் முறுக்கிக்கொண்டு, ஒன்றையொன்று சுற்றியும் முறுக்கிக்கொள்கின்றன என்றார்கள். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாது. கொலாஜனிலும் அதேதான்: தனிச் சங்கிலி இடப்பக்கச் சுருள், மூன்றும் சேர்ந்தது வலப்பக்கச் சுருள். நம்மூர் கயிறு திரிப்பவர்களுக்கு எக்ஸ்ரே இல்லாமலே தெரிந்த விஷயம்.

இந்த அமைப்பால் மருத்துவத்தில் என்ன விளங்குகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகளுக்குத் தொட்டாலே எலும்பு முறியும். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்பெக்டா என்று பெயர். பல நோயாளிகளில் காரணம், கொலாஜன் சங்கிலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களுக்கு நடுவே ஒரே ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் பருமனான வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுவது. நடு அச்சில் இடமில்லை, முறுக்கு சரியாக விழாது, எலும்பு தாங்காது. ஒரு அணுக்கூட்டம் பெரிதாக இருப்பதற்கும் ஒரு குழந்தையின் தொடை எலும்புக்கும் உள்ள தொடர்பை 1954-இன் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு விரலால் காட்டிவிடலாம்.

இப்போது சோதனைக்கட்டம் வருகிறது. 1955 நவம்பரில், அதே 'நேச்சர்' இதழில், அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் கொலாஜன் அமைப்பை வெளியிட்டார்கள். மூன்று சுருள் முறுக்கு என்ற அடிப்படை அதேதான். ஆனால் சென்னை மாதிரியில் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, இவர்களுடையதில் ஒன்று. கூடவே ஒரு குற்றச்சாட்டு: சென்னை மாதிரியில் சில அணுக்கள் வரக்கூடாத அளவுக்கு நெருங்கி வருகின்றன, அது நடக்காது. கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக் சொல்கிறார் என்றால் அன்றைக்கு யாருக்குக் காது கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பல பாடப்புத்தகங்களில் கொலாஜன் அமைப்பு ரிச், கிரிக் பெயரோடுதான் போனது.

இதில் யார் சரி? நியாயமாகச் சொல்ல வேண்டும், ஊர்ப் பாசம் கூடாது. 1994-இல் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி குழுவினர் கொலாஜன் போன்ற ஒரு சிறு பெப்டைடின் படிகத்தை 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் பார்த்தபோது, நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மூன்றுக்கு ஒன்றுதான் இருந்தது. அந்த அம்சத்தில் ரிச்சும் கிரிக்கும் சரி. ஆனால் அதே படிகத்தில் நீர் மூலக்கூறுகள் நடுவில் நின்று பாலம் போட்டுக் கூடுதல் பிணைப்புகளைத் தந்துகொண்டிருந்தன. நீர் வழியே இரண்டாவது பிணைப்பு இருக்கலாம் என்று 1968-லேயே ராமச்சந்திரனும் ஆர்.சந்திரசேகரனும் எழுதியிருந்தார்கள். ஆக இரண்டு பக்கமும் கொஞ்சம். மூன்று சுருள் என்ற முதல் யோசனை சென்னையுடையது, அதில் சந்தேகமே இல்லை.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 'அணுக்கள் நெருங்கி வருகின்றன' என்று ஒருவர் குற்றம் சொன்னால் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பதிலுக்குப் பதில் எழுதிச் சண்டை போடுவோம், கேண்டீனில் நான் செய்த மாதிரி. ராமச்சந்திரன் வேறு கேள்வி கேட்டார். சரி, உண்மையிலேயே இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதை யாராவது அளந்திருக்கிறார்களா? அதுவரை வெளியான அமினோ அமிலம், சிறு பெப்டைடுகளின் படிக அமைப்புகளை எல்லாம் எடுத்து, ஒன்றோடொன்று பிணைக்கப்படாத அணுக்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று அவரும் மாணவர்களும் பட்டியல் போட்டார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், நெருக்கடி வந்தால் 3.0 வரை போகலாம். இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள். கிரிக் கூடாது என்று சொன்ன தூரங்களில் சில இயற்கையில் சாதாரணமாகவே இருந்தன!

அந்தப் பட்டியல் கைக்கு வந்ததும் அடுத்த யோசனை. புரதச் சங்கிலியை சீட்டுக்கட்டு அட்டைகளை மூலையோடு மூலை கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை வளையாது. பெப்டைடு பிணைப்பு தட்டையானது என்று பாலிங் ஏற்கெனவே காட்டியிருந்தார். மூலையில் மட்டும் சுழலலாம். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சுழற்சிக் கோணங்கள்: ஃபை, சை. புரதத்தின் முதுகெலும்பு எப்படி மடங்கும் என்பது முழுக்க இந்த இரண்டு எண்களின் கதை. அப்படியானால் ஒரு தாளில் கிடையாக ஃபை, நெடுக்காக சை என்று வரைந்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஏதாவது இரண்டு அணுக்கள் முட்டுகின்றனவா என்று பட்டியலை வைத்துப் பார்த்துவிடலாமே? முட்டினால் அந்த இடம் தடை. முட்டாவிட்டால் அனுமதி.

சொல்ல எளிது. உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் வி.சசிசேகரனும் சி.ராமகிருஷ்ணனும். கையில் இருந்தது மேசைக் கணிப்பான். ஒவ்வொரு கோண ஜோடிக்கும் ஒவ்வொரு அணு ஜோடியின் தூரம். எத்தனை தாள், எத்தனை நாள் என்று நினைத்தாலே தலை சுற்றுகிறது, நம் லேப் ரெக்கார்டுக்கு நாம் படும் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். கடைசியில் வந்த படத்தில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பரப்பு தடை. மிஞ்சியது சில தீவுகள். ஒரு தீவில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள் போய் உட்கார்ந்தது, இன்னொன்றில் பீட்டா தாள், அதன் பக்கத்திலேயே கொலாஜன். பக்கக்கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் இன்னும் தாராளமான இடம்.

1963-இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி' ஏழாம் தொகுதியில் 95-ஆம் பக்கம் தொடங்கி 99-ஆம் பக்கம் முடிகிறது அந்தக் கட்டுரை. ஐந்தே பக்கம். ஆசிரியர்கள் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன். (நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். 1963-இல் அவருக்கு 11 வயது.) அன்றைக்கு அணு மட்டத்தில் அமைப்பு தெரிந்த புரதங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். புரதங்களைப் பார்ப்பதற்கு முன்பே அவை எப்படி மடங்க முடியும், எப்படி முடியாது என்று கிண்டியில் வரைபடம் போட்டுவிட்டார்கள்.

இதுதான் 'ராமச்சந்திரன் ப்ளாட்'. பன்னிரண்டாம் வகுப்பு தாண்டி உயிர்வேதியியல் படித்த எவரும் உலகில் எங்கிருந்தாலும் இந்தப் பெயரைக் கேட்காமல் தப்ப முடியாது.

சரி, கேண்டீன் சண்டைக்கு வருவோம்.

சைட்டேஷன் எண்ணும் பழக்கம் ரொம்பப் பழையது இல்லை. அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1960களின் முதல் பாதியில் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்று தொடங்கினார். எந்தக் கட்டுரை எதைக் குறிப்பிடுகிறது என்று பின்னோக்கித் தேட ஒரு அகராதி, அவ்வளவுதான். ஆராய்ச்சியாளருக்கு மார்க் போடுவது முதல் நோக்கமே இல்லை. பிறகு மார்க் போடத் தொடங்கிவிட்டார்கள். 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் ஹெச்-இண்டெக்ஸ் கண்டுபிடித்தார்: உங்கள் கட்டுரைகளில் 20 கட்டுரை ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 20. நண்பன் போனில் பார்த்தது இந்த மாதிரி எண்களைத்தான்.

இந்தக் கணக்கில் ஜெயிப்பது யார் என்று பார்த்தால் சுவாரசியம். உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை ஐன்ஸ்டீனுடையது இல்லை, டிஎன்ஏவும் இல்லை. 1951-இல் ஆலிவர் லவ்ரி குழு எழுதிய, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. 2014-இல் 'நேச்சர்' எண்ணியபோது மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. நாம் இரண்டாம் செமஸ்டரில் நீல நிறம் வரவழைத்த அதே லவ்ரி! அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லவ்ரியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

சென்னையோடு தொடர்புள்ள இன்னொருவரும் இந்த வகையில் உண்டு. எல்லப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் என்று இங்கேயே படித்தவர். இங்கே ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்துவிட்டு 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். 1925-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் எழுதிய பாஸ்பரஸ் அளக்கும் முறை, 20-ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்று. பாஸ்பரஸ் அளப்பவர் எல்லாம் 'ஃபிஸ்கே - சுப்பாராவ் முறைப்படி' என்று எழுதிக் குறிப்பில் சேர்த்தே ஆக வேண்டும். சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பைப் பார்த்துச் சமைத்தால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே முறை.

ராமச்சந்திரன் ப்ளாட்டுக்கு நடந்தது நேர் எதிர். அதுவும் பல ஆயிரம் மேற்கோள் பெற்ற கட்டுரைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அந்த ஆயிரங்கள் ஒன்றுமே இல்லை. இன்றைக்குப் புரத வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. 1971-இல் ஏழு அமைப்போடு தொடங்கிய வங்கி அது. ஒரு புரத அமைப்பை வெளியிடுகிறவர் முதலில் காட்ட வேண்டிய சான்றிதழ்களில் ஒன்று ராமச்சந்திரன் ப்ளாட்: என் புரதத்தில் இத்தனை சதவீதம் அனுமதித்த பகுதிக்குள் இருக்கிறது, பாருங்கள். அப்படிப்பட்ட கட்டுரைகளில் பெயர் வருகிறது. ஆனால் பின்னால் உள்ள குறிப்புப் பட்டியலில் 1963 கட்டுரை பெரும்பாலும் இருக்காது.

அங்கே என்ன இருக்கும்? மென்பொருள். 1993-இல் லண்டனில் ரோமன் லஸ்கோவ்ஸ்கி, ஜேனட் தார்ன்டன் குழுவினர் 'ப்ரோசெக்' என்று ஒரு நிரலை வெளியிட்டார்கள். அமைப்பை உள்ளே போட்டால் ராமச்சந்திரன் ப்ளாட்டை வரைந்து மார்க் போட்டுக் கொடுக்கும். நல்ல நிரல், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நிரலைப் பற்றிய கட்டுரைக்கு மூலக் கட்டுரையைவிடப் பல மடங்கு மேற்கோள். வீடு கட்டியவரை விட்டுவிட்டு வீட்டுக்கு வழி சொன்ன ஆட்டோக்காரருக்கு நன்றிக் கடிதம் எழுதுகிற கதைதான்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த நிலைமைக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார். ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவில் அவ்வளவு ஆழமாகக் கரைந்துவிட்டால், அதை யார் எங்கே எழுதினார்கள் என்று குறிப்பிடுவதையே எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். உள்வாங்கப்பட்டதாலேயே மறைந்துபோவது. பூஜ்யத்தைப் பயன்படுத்தும்போது யாராவது அடிக்குறிப்பு போடுகிறோமா? அதாவது ஓர் எல்லைக்கு மேலே வெற்றி பெற்றால் எண் ஏறுவது நின்றுவிடும். கேண்டீனில் இது மட்டும் தெரிந்திருந்தால்...

ராமச்சந்திரனுக்கு இது ஒருமுறை மட்டும் நடக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1970 வாக்கில் அவர் சென்னையை விட்டுப் பெங்களூருக்குப் போய் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971-இல் ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து அமெரிக்க அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் பொருளின் குறுக்குவெட்டுப் படத்தை எப்படிக் கணக்கிட்டு மீட்பது என்பது விஷயம். அதுவரை இருந்த வழி ஃபூரியே மாற்றம் போட்டுக் கம்ப்யூட்டரைத் திணறடிப்பது. இவர்கள் நிழல்களை முதலில் ஒரு வடிகட்டி வழியாக அனுப்பி, பிறகு பின்னோக்கிப் பரப்பினால் போதும், வேகமாகவும் தெளிவாகவும் வரும் என்று காட்டினார்கள். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-இல் இதே மாதிரி ஒரு வழியைத் தனியாகக் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே 1971-இல்தான் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தார். 1979 நோபல் அவருக்கும் கார்மாக்குக்கும். ஸ்கேன் தொழில் வளர்ந்து பல பத்தாண்டுகள் ஓடியது இந்த வடிகட்டிப் பின்பரப்பும் வழியில்தான். இன்று தி.நகரிலும் மயிலாப்பூரிலும் தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது. 'மேட்லேப்' வைத்திருக்கும் இன்ஜினியரிங் நண்பர்கள் ஒன்று செய்து பாருங்கள். அதில் ஸ்கேன் படத்தை மீட்கும் கட்டளையில் எந்த வடிகட்டி வேண்டும் என்று கேட்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் தானாக எடுத்துக்கொள்வது 'ராம்-லாக்'. நானும் ஏதோ ஜெர்மன்காரர் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். ராமச்சந்திரன் - லட்சுமிநாராயணன்!

பெயர் இப்படி நிலைப்பதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. 'ராம்-லாக்' இரண்டு பேரையும் சுமக்கிறது, அரைகுறையாகவாவது. 'ராமச்சந்திரன் ப்ளாட்' ஒருவரை மட்டும். அந்தத் தீவுகளின் கரையை மேசைக் கணிப்பானில் அளந்தவர்கள் பெயர் ப்ளாட்டில் இல்லை. சசிசேகரன் 1962-லேயே, சிஎல்ஆர்ஐயின் என்.ராமநாதன் தொகுத்த 'கொலாஜன்' என்ற நூலில் இந்த வரைபடத்தின் ஆரம்ப வடிவத்தை எழுதியிருந்தார். கர்த்தா அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போய் 1967-இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பைக் கண்டவர்களில் முதல் பெயராக நின்றார். நாம் எத்தனை பேர் இவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? குறிப்புப் பட்டியலில் 1963 கட்டுரையை ஒழுங்காகப் போட்டால் மூன்று பெயரும் வரும். போடாமல் ப்ளாட் என்று மட்டும் எழுதினால் இரண்டு பேர் காணாமல் போகிறார்கள். அதனால் சைட்டேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடனைச் சொல்ல அது நல்ல வழி. ஆளை அளக்கும் தராசாக அதைத் தூக்கிப் பிடிக்கும்போதுதான் கோளாறு.

இது எனக்கு மட்டும் தோன்றியதும் இல்லை. 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் ஒரு அறிக்கைக்கு வித்திட்டார்கள். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஒருவருக்கு வேலையோ பதவி உயர்வோ நிதியோ முடிவு செய்யாதீர்கள், கட்டுரையைப் படித்துப் பாருங்கள் என்பது அதன் சாரம். அடுத்த வருடம் அது வெளியானது, உலகம் முழுக்கப் பல ஆயிரம் பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். செல் உயிரியல்காரர்களிடமிருந்தே இது கிளம்பியது என்பது நம் துறைக்குக் கொஞ்சம் பெருமை.

ராமச்சந்திரனுக்கு 1961-இல் பட்நாகர் பரிசு, 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, 1999-இல் படிகவியலின் உயர்ந்த விருதான இவால்ட் பரிசு கிடைத்தன. நோபல் இல்லை. கடைசி வருடங்களில் பார்க்கின்சன் நோயோடு சென்னையில் இருந்தார். 1998-இல் மனைவி ராஜலட்சுமி காலமானார். 7 ஏப்ரல் 2001 அன்று அவரும் போனார்.

நண்பனிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, நீ சொன்ன அந்த ப்ரொஃபசர் ராமச்சந்திரன் இல்லையே" என்றான். அதுவும் நியாயம்தான். ஆகவே ஒரு ஒப்பந்தம். அவர் எழுதிய கட்டுரைகளில் இரண்டை இருவரும் உட்கார்ந்து படிக்கப்போகிறோம், படித்த பிறகு சண்டை போடுகிறோம். முதல் கட்டுரையின் மூன்றாவது பக்கத்திலேயே ஒரு ராமச்சந்திரன் ப்ளாட் இருக்கிறது. பின்னால் புரட்டிப் பார்த்தேன். ப்ரோசெக் இருக்கிறது, 1963 இல்லை.

சுப்பாராவ் பற்றி ஒரு பத்தியில் முடித்துவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். செமஸ்டர் முடிந்ததும் தனியாக எழுதுகிறேன்.